மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு கல்வெட்டு: நானாகாட் கணவாயும் சாதவாகன அரசியும்

பண்டைய இந்திய வரலாறு பயிலும் மாணவர்கள் நானாகாட் கல்வெட்டைப் படிப்பின் தொடக்கத்திலேயே சந்தித்துவிடுகின்றனர். சாதவாகனர் காலவரிசை, தக்காணத்தில் வேத வேள்விகள், வாசுதேவ வழிபாட்டின் முற்காலச் சான்றுகள், இந்திய எண்குறிகளின் வரலாறு என எந்தப் பாடத்தை எடுத்தாலும் அக்கல்வெட்டு ஓர் அடிக்குறிப்பாகவேனும் வந்து நிற்கும். ஆனால் பாடநூல்களில் அது ஓர் எழுத்துப்படியாக மட்டுமே வருகிறது. எந்த மலையில், எந்த உயரத்தில், யார் கண்ணில் படும்படி அது வெட்டப்பட்டது என்ற கேள்வி வகுப்பறைகளில் அரிதாகவே எழுகிறது. அக்கேள்விக்கான விடையில் பாதி, கொங்கண அடிவாரத்திலிருந்து மேலேறும் மூன்று மணி நேர நடையில் இருக்கிறது.

மகாராட்டிரத்தில் கல்யாணிலிருந்து முர்பாட் வழியாக மால்சேஜ் கணவாயை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், வைசாகரே என்ற சிற்றூரைக் கடந்ததும் இப்பாதை பிரிகிறது. தொடக்கத்தில் காடும் ஓடைகளும் நிறைந்த மென்சரிவு. அதன்பின் நிழல் குறைந்து, கல் மிகுந்து, முழங்காலைச் சோதிக்கும் ஏற்றம். அடிவாரத்திற்கும் உச்சிக்கும் இடையே 600 மீட்டருக்கு மேற்பட்ட செங்குத்து உயரம். கோடையில் பாறை வெப்பத்தை உமிழும். மழைக்காலத்தில் படிகள் வழுக்கும். மும்பையிலிருந்தும் புணேயிலிருந்தும் விடுமுறை நாள்களில் வரும் மலையேறிகள் இவ்வளவையும் பொறுத்துக்கொள்வது உச்சியிலுள்ள ஒரு பாறை முகட்டிற்காக. ‘நானாவின் கட்டைவிரல்’ என்று மராத்தியில் அழைக்கப்படும் அம்முகட்டின் விளிம்பில் நின்றால், கொங்கணச் சமவெளி முழுதும் காலடியில் விரியும். ஆடி ஆவணி மாதங்களில் கடற்காற்று மலைச்சுவரில் மோதி மேலெழும்போது, விளிம்பிலிருந்து விழும் ஓடைநீர் கீழே செல்லாமல் திரும்பி வானை நோக்கிச் சிதறும் காட்சியும் உண்டு. படமெடுக்க வருவோரில் பெரும்பாலோர் முகட்டுக்குச் சற்றுக் கீழேயுள்ள குடைவரையை ஓய்விடமாக மட்டும் பயன்படுத்திவிட்டு மேலே போகின்றனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அக்குடைவரை வெட்டப்பட்டதே, பெரும்பாலும், அதற்காகத்தான்.

மலையின் இயல்பை அறியாமல் பாதையின் வரலாறு விளங்காது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இப்பகுதி, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த எரிமலைக் குழம்புப் பெருக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்து உருவானது. கடினமான அடுக்கும் மென்மையான அடுக்கும் மாறி மாறி வருவதால், அரிப்புக்குப் பின் மலை தானே படிக்கட்டு வடிவம் கொள்கிறது. நிலவியலார் இப்பாறைக்கு இட்ட ‘டிராப்’ என்ற பெயர் சுவீடிய மொழியில் படியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. கொங்கணத்திற்கும் தக்காணத்திற்கும் இடையே இம்மலைச்சுவர் பல நூறு கிலோமீட்டர் நீளத்திற்கு நிற்க, பொதி சுமந்த விலங்கு ஏறக்கூடிய பிளவுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. கிழக்கே ஜுன்னர், அதற்கும் அப்பால் கோதாவரிக் கரையில் சாதவாகனரின் பிரதிட்டானம். மேற்கே கல்யாண், சோபாரா துறைமுகங்கள். இவ்விரு உலகங்களையும் இணைத்த பிளவுகளுள் ஒன்று நானாகாட். மாட்டு வண்டி இதில் ஏற முடியாது. பொதி எருதும் கழுதையும் சுமைகூலியாளும் மட்டுமே ஏற முடியும்.

ஏற்றத்தின் கடைசிப் பகுதியில் மலை இரண்டாகப் பிளந்து, இருபுறமும் பாறைச்சுவர் நெருக்கும் ஓர் இடுக்கில் பாதை நுழைகிறது. அந்த இடுக்கு தொடங்குமிடத்தில், இன்னும் சில நிமிட ஏற்றமே எஞ்சியிருக்கும் நிலையில், குடைவரை வாய் திறந்து நிற்கிறது. சதுரமான ஒரே அறை. சுவர்களை ஒட்டிப் பாறையிலேயே செதுக்கிய திண்ணைகள். அருகே மழைநீரைத் தேக்கும் கல்தொட்டிகள். கொங்கணத்திலிருந்து ஏறிவரும் எவரும் சுமையை இறக்கிவைத்து, நீர் அருந்தி, மூச்சு சீராகும்வரை அமரும் இடம் இதுவாகவே இருக்கும். அவ்வாறு அமர்ந்தவரின் வலப்புறமும் இடப்புறமும் உள்ள சுவர்களில் பத்துப் பத்து வரிகளாக, பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில், சாதவாகன அரசகுலத்தின் புகழ் வெட்டப்பட்டிருக்கிறது. பின்சுவரில் அக்குலத்தாரின் உருவங்கள் வரிசையாக நின்றன. இந்த அமைப்பு தற்செயலாக அமைந்ததாகத் தோன்றவில்லை. தலைநகரில் அரண்மனை வாயிலில் வைத்தால் அரசவையினர் மட்டுமே காண்பர். இங்கு வைத்ததால் வணிகரும், பொதி ஓட்டுவோரும், துறவியரும், அயல்நாட்டாரும் ஏறிக் களைத்துப்போய், வேறெங்கும் நகர முடியாத நிலையில் அதன் முன் அமர்ந்தனர். ஏற்றத்தின் களைப்பே அக்கல்வெட்டுக்கு வாசகர்களைத் திரட்டிக் கொடுத்தது.

சுவர்கள் கூறுவது யாது? வரிகள் பல இடங்களில் சிதைந்துள்ளன. அறிஞர்களின் வாசிப்புகளும் வேறுபடுகின்றன. எனினும் பொதுப்போக்கு தெளிவானது. இந்திரன், சங்கர்ஷணன், வாசுதேவன், திங்கள், ஞாயிறு, நான்கு திசைக்காவலர் ஆகியோரை வணங்கித் தொடங்கும் கல்வெட்டு, சிமுக சாதவாகனனின் குலத்தை வளர்த்த, ‘தக்கிணாபதத்தின் தலைவன்’ எனப்பெற்ற மன்னனைக் குறிப்பிட்டு, அவன் மனைவியாகிய அரசியின் மீது நிலைகொள்கிறது. பெயர்ப் பொறிப்புகளின் துணையால் அவள் நாகனிகா என்றும், மன்னன் முதலாம் சாதகர்ணி என்றும் அறிஞர் கொள்வர். மாதக்கணக்கில் நோன்பிருந்தவள், இல்லத்திலேயே தவம் புரிந்தவள், பிரமசரியம் காத்தவள் என்று கல்வெட்டு அவளைப் போற்றுகிறது. கணவனை இழந்த அரசியின் சித்திரம் இது என்றும், இளவரசர்களின் சார்பில் அவள் ஆட்சிப்பொறுப்பு வகித்த காலத்தில் இக்கல்வெட்டு வெட்டப்பட்டது என்றும் பலர் கருதுகின்றனர். அதன்பின் வேள்விகளின் பட்டியல்: அசுவமேதம், ராசசூயம் முதலியன, ஒவ்வொன்றிலும் வழங்கிய கொடை எண்ணிக்கையோடு. ஓரிடத்தில் 1,700 பசுக்களும் 10 யானைகளும். வேறு சில இடங்களில் 10,001 பசுக்கள். மற்றோரிடத்தில் 24,400 காசுகள்.

வேள்விகளை இயற்றியவர் மன்னனா, அரசியா, இருவருமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. வேத நெறிப்படி கணவனின்றி மனைவி வேள்வித் தலைமை ஏற்க இயலாது என்பதால், மன்னன் உயிரோடிருந்தபோது இருவரும் சேர்ந்து செய்த வேள்விகளை அரசி பின்னர் நினைவுகூர்ந்து பதித்தாள் என்று விளக்குவோர் உண்டு. இவ்விளக்கம் ஏற்புடையதே. ஆயினும் அது ஒரு முதன்மையான செய்தியை மறைத்துவிடக் கூடாது. வேள்வியை எவர் இயற்றியிருப்பினும், அதை எங்கே, எந்த அளவில், எவர் முன் அறிவிப்பது என்ற முடிவு அரசியைச் சார்ந்ததாகவே தெரிகிறது. கணவன் மறைந்து, மைந்தர் சிறுவராக இருந்த அரசகுலம் ஒன்றின் நிலை எத்தகைய நெருக்கடியில் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், நாட்டின் வருவாய்க்கு உயிர்நாடியான ஒரு பாதையின் தொண்டைக்குழியில் அந்தப் பட்டியல் வெட்டப்பட்டதன் அரசியல் புலப்படும்.

எண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சுழியம் இல்லாத காலம் அது. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் இருந்தன; நூற்றின் குறியோடு ஏழின் குறியைப் பிணைத்து 700, அதற்கு முன் ஆயிரத்தின் குறியை வைத்து 1,700 என்று எழுதும் முறை. கணித வரலாற்றாசிரியர்கள் இக்கல்வெட்டைக் கொண்டாடுவது இதற்காகவே. பகவான்லால் இந்திரஜி 1870-களில் இவ்வெண்குறிகளை முறையாக ஆராய்ந்து வெளியிட்டார். ஆனால் அவ்வெண்களை முதலில் கண்டவர்கள் கணித வரலாற்றாசிரியர்களா? எழுத்தறியாத பொதிக்காரனும் சரக்குக் கணக்கின் குறிகளை அறிந்திருக்கக்கூடும். வேள்விப் பெயர்கள் புரியாதவனுக்கும் ஆயிரத்தின் குறி புரிந்திருந்தால், அரசகுலத்தின் செல்வம் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இதை மெய்ப்பிக்கச் சான்று கிடையாது. ஆயினும் கல்வெட்டில் எண்கள் இத்தனை அடர்த்தியாக இருப்பதற்கு வேள்விச் சடங்கின் முறைமையை மட்டும் காரணமாகக் கூறி நிறுத்துவது போதாது.

பின்சுவர் இன்று வெறுமையாக இருக்கிறது. எட்டு உருவங்கள் நின்ற இடத்தில் கால்களின் தடங்களும், மேலே சில பெயர்ப் பொறிப்புகளும் மட்டுமே எஞ்சியுள்ளன. மன்னன் சிமுக சாதவாகனன், அரசி நாயனிகாவும் மன்னன் சிரீ சாதகனியும், இளவரசன் பாயல, மகாரட்டி திரணகயிரன், இளவரசன் ஹகுசிரி, இளவரசன் சாதவாகனன். இடையில் இரு பெயர்கள் அழிந்துவிட்டன. மதுராவுக்கு அருகே மாட் என்ற ஊரில் குசாண மன்னர்களின் சிலைகள் கிடைத்ததைப் போல, இந்தியாவில் அரசகுடும்ப உருவங்களை வரிசையாக வைத்த மிகச் சில இடங்களுள் இதுவும் ஒன்று. காலத்தால் மாட்டினும் முந்தியது. வரிசையில் ஒரு மகாரட்டி இடம்பெற்றிருப்பது கவனத்திற்குரியது. அவர் அரசியின் தந்தை என்று பலர் கொள்வர். அவ்வாறாயின் தாய்வீட்டின் வலிமையும் இச்சுவரில் அறிவிக்கப்பட்டது எனலாம். முகங்கள் போய்ப் பெயர்கள் நிற்பது கல்வெட்டாய்வாளருக்குக் கிடைத்த நற்பேறு. ஆனால் பண்டைய வழிப்போக்கருக்கு முகங்களே முதன்மையாக இருந்திருக்கும். எழுத்தறியாதவரும் வரிசையாக நிற்கும் அரசகுடும்பத்தைப் பார்த்து, இப்பாதை யாருடையது என்று அறிந்திருப்பர். பிற்காலச் சாதவாகனர் வெள்ளிக்காசுகளில் ஒருபுறம் மன்னன் முகத்தையும் பிராகிருதத் தொடரையும், மறுபுறம் தமிழோடு நெருங்கிய ஒரு தென்மொழித் தொடரையும் பொறித்தனர். தம் ஆட்சிச் செய்தி எவர் கைக்குச் சேர வேண்டும் என்பதில் அக்குலத்தார் காட்டிய அக்கறைக்கு அதுவும் ஒரு சான்று.

இக்கல்வெட்டு இடத்திலிருந்து பிரிந்து ஏட்டுக்குள் புகுந்த கதையும் ஒரு மலையேற்றத்தில்தான் தொடங்குகிறது. பம்பாய் அரசின் புள்ளிவிவர அலுவலராக இருந்த வில்லியம் சைக்ஸ் 1828-ஆம் ஆண்டு கோடையில் இம்மலையில் ஏறியபோது இதைக் கண்டார். பயிர், மக்கள்தொகை, மழை, உயிரினம் என எல்லாவற்றையும் கணக்கெடுத்துச் சென்ற அவருக்கு, கணக்குகள் நிறைந்த ஒரு சுவர் எதிர்ப்பட்டது ஒரு வேடிக்கைதான். அப்போது பிராமி எழுத்தை எவராலும் முழுமையாகப் படிக்க இயலவில்லை. 1830-களின் இறுதியில் ஜேம்ஸ் பிரின்செப் அவ்வெழுத்தின் பூட்டைத் திறந்த பின்னரே வாசிப்பு தொடங்கியது. 1883-இல் கியோர்க் பியூலர் விரிவான பதிப்பை வெளியிட்டார். அதன்பின் நூறாண்டுக்கு மேலாக நடந்த விவாதங்கள் யாவும் மைப்படியின் மீது நடந்தவை. எழுத்தமைதியை வைத்துப் பியூலர் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்றார். பின்வந்தோரில் பலர் கி.மு. முதல் நூற்றாண்டுக்கு இறக்கினர். அரசர் வரிசை, உறவுமுறை, ஆண்டுக்கணக்கு ஆகியவை நுணுகி ஆராயப்பட்டன. அவ்வுழைப்பின் பெருமையைக் குறைக்க இடமில்லை. ஆனால் மைப்படியில் மலை வருவதில்லை. ஏறிவந்தவரின் வியர்வையும் வருவதில்லை.

இடத்தைப் பற்றிப் பேசுவோர் வேறொரு பக்கம் சறுக்குவதும் உண்டு. இடுக்கைக் கடந்து உச்சியை அடைந்ததும் பாறையில் செதுக்கிய பெரிய கற்சாடி ஒன்று கண்ணில் படும். பண்டைய சுங்கக்காசுகளை அதில் இட்டனர் என்பது செவிவழி வழக்கு. ‘நாணே’ என்றால் மராத்தியில் காசு. நம் ‘நாணயம்’ என்ற சொல்லோடு ஒரே வேர் கொண்டது. ஆகவே ‘காசுக் கணவாய்’ என்று பெயர்க்காரணம் கூறி, வழிகாட்டிகள் சாடியைச் சான்றாகக் காட்டுகின்றனர். நானா என்ற ஒருவரின் பெயரால் வந்தது என்பாரும் உண்டு. இத்தகைய குறுகிய வாயிலில் சுங்கம் தண்டியிருப்பார்கள் என்பது மிக இயல்பான ஊகமே. ஆனால் கல்வெட்டில் படிக்கக் கிடைக்கும் பகுதியில் சுங்கம் பற்றிய சொல் ஏதும் இல்லை. சாடி நீருக்காகவும் இருந்திருக்கலாம். ஆய்வேடுகளில்கூட ‘சுங்கச்சாவடி’ என்று ஐயத்திற்கிடமின்றி எழுதுவது நடைபெறுகிறது. ஊகத்தை ஊகமாகவே எழுதினால் சாடியின் மதிப்பு குறைந்துவிடாது.

முகட்டின் விளிம்பிற்கு வருவோம். இன்று அழகுக்காக நோக்கப்படும் அப்பரப்பு அன்று வேறு காரணங்களுக்காக நோக்கப்பட்டிருக்கும். மேற்கே சென்றால் கல்யாண். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ், மூத்த சரகனோஸ் காலத்தில் கல்லியேனா முறையான சந்தைத் துறையாக இருந்ததென்றும், சந்தனேஸ் கைக்கு வந்தபின் வணிகம் தடைப்பட்டதென்றும், அங்கே தற்செயலாக ஒதுங்கும் கிரேக்கக் கப்பல்கள் காவலுடன் பாரிகாசாவுக்கு, அதாவது பரூச்சுக்கு, கொண்டுசெல்லப்பட்டன என்றும் குறிப்பிடுகிறது. சரகனோஸ் என்பது சாதகர்ணி என்ற பெயரின் திரிபு என்பர். சந்தனேஸ் யார் என்பதில் கருத்தொற்றுமை இல்லை. அதே நூல், பிரதிட்டானத்துச் சரக்குகள் வழியற்ற பெருநிலப்பரப்புகளைக் கடந்து வண்டிகளில் பரூச்சுக்குப் போனதாகவும் சொல்கிறது. அருகில் கணவாயும் கீழே துறைமுகமும் இருக்க, சரக்கு வடக்கே இருபது நாள் பயணம் போனது என்றால், நானாகாட் பாதையில் அக்காலத்தில் கால்தடங்கள் குறைந்திருக்க வேண்டும். துறைமுகத்தை மூடினால் மலைப்பாதை தானே வற்றிவிடும்.

இப்போட்டியின் மறுபக்கத்தில் நின்றவர்கள் க்ஷகராதர். நகபானனின் மருமகன் உஷவதாதன் நாசிக் குடைவரைக் கல்வெட்டொன்றில், பரூச்சு, தசபுரம், கோவர்த்தனம், சோபாரா ஆகிய ஊர்களில் தங்கல்மனைகள் கட்டியதையும், ஆறுகளில் கட்டணமின்றிப் படகு விட்டதையும், கிணறுகளும் குளங்களும் அமைத்ததையும் பட்டியலிடுகிறான். நாகனிகாவின் சுவரையும் உஷவதாதனின் சுவரையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். வழிப்போக்கரின் வசதி அக்காலத் தக்காணத்தில் அறச்செயலாகவும் ஆட்சியுரிமைக் கோரிக்கையாகவும் ஒருங்கே இருந்தது. கௌதமிபுத்திர சாதகர்ணி நகபானனை வென்றபின் நடந்ததற்குக் காசுகளே சாட்சி. 1906-இல் நாசிக் பகுதியில் ஜோகல்தேம்பி என்ற ஊரில் கிடைத்த புதையலில் 13,250 அளவிலான நகபானனின் வெள்ளிக்காசுகள் இருந்தன. அவற்றுள் 9,000-க்கும் மேற்பட்டவை சாதகர்ணியின் முத்திரையால் மறு அச்சு செய்யப்பட்டவை.

அதன்பின் நானாகாட்டிலும் மீண்டும் உளிச்சத்தம் கேட்டது. வாசிட்டிபுத்திர சதரபண சாதகர்ணியின் 13-ஆம் ஆட்சியாண்டில் ஒரு நீர்த்தொட்டி கொடையளிக்கப்பட்டதை இங்குள்ள சிறு கல்வெட்டொன்று பதிவுசெய்கிறது. பேரரசியின் இருபது வரிகளுக்குப் பக்கத்தில் இது மிக எளிய செய்தி; வேள்வி இல்லை, பசுக்கள் இல்லை, தண்ணீர் மட்டும். ஆனால் ஏறிவந்தவருக்கு எது பயன்பட்டது என்று கேட்டால் விடை தெரிந்ததே. மலைக்கு அப்பால் ஜுன்னரைச் சுற்றியுள்ள பௌத்தக் குடைவரைகளிலும் இதே போன்ற எளிய கொடையாளர் பலர் வருகின்றனர்: தானிய வணிகர் குழு எழுகூடக் குடைவரையும் நீர்த்தொட்டியும் அளித்தது, மூங்கில் வினைஞரிடமும் வெண்கலக் கன்னாரிடமும் அறக்கட்டளை முதல் வைக்கப்பட்டது, யவனர் என்று தம்மைக் குறித்துக்கொண்ட மூவரும் கொடை அளித்தனர். அந்த யவனர் எவ்வழியே ஜுன்னர் சேர்ந்தனர் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. கல்யாணிலிருந்து வந்திருந்தால், மூச்சு வாங்க இத்திண்ணையில் அமர்ந்திருப்பர்.

பிற்காலம் விரைவாகச் சொல்லிவிடத்தக்கது. கணவாயைக் காக்க அருகே ஜீவதன் கோட்டை எழுந்தது. யாதவரும் பாமனியரும் நிசாமுஷாகியும் மராத்தியரும் மாறி மாறி ஆண்டபோதும் பொதி எருதுகள் ஏறிக்கொண்டே இருந்தன. 1830-இல் போர்காட் கணவாயில் வண்டிச்சாலை திறக்கப்பட்டது. 1863-இல் அங்கேயே இருப்புப்பாதை ஏறியது. சக்கரம் ஏற முடியாத கணவாய்களின் காலம் அத்தோடு முடிந்தது. வணிகப்பாதை உள்ளூர் மக்களின் ஒற்றையடிப்பாதையாகச் சுருங்கியது. பின்னர் மலையேறிகளின் ஒருநாள் நடையாயிற்று.

மழை நின்று சில மாதங்கள்வரை, குடைவரையருகேயுள்ள தொட்டிகளில் நீர் நிற்கிறது. ஏறிவருவோர் பையை இறக்கி, திண்ணையில் சாய்ந்து, அதிலிருந்து நீர் மொண்டு குடிக்கின்றனர். அப்போது முதுகுக்குப் பின்னாலிருக்கும் சுவரில் 1,700 என்ற எண் இன்னும் படிக்கும்படி இருக்கிறது.